வெளியாருக்குப் பயிற்சி: பேச்சு மன்றங்களின் விதிகள் எதைக் காக்கின்றன?

1. கேள்வியும் களமும்

மேடைப் பேச்சைப் பழகுவதற்காக உறுப்பினர்களே சந்தா கட்டி, தாங்களே பேசி, ஒருவர் பேச்சை மற்றவர் மதிப்பிட்டுக் கற்றுக்கொள்ளும் மன்றங்கள் பல நாடுகளில் இயங்குகின்றன. இவை இலாப நோக்கற்றவை. ஆனால் இவற்றைத் தேடி வருகிற எல்லாரும் உறுப்பினராகச் சேர வருபவர்கள் அல்லர். நேர்முகத் தேர்வை நினைத்து அஞ்சும் பட்டதாரி, அலுவலகக் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கும் ஊழியர், மேடை என்றாலே பின்வாங்கும் பள்ளி மாணவி எனப் பலர் சில வாரப் பயிற்சி கிடைத்தால் போதும் என்று வருகிறார்கள். நிறுவனங்களும் கல்லூரிகளும் தங்கள் ஆட்களுக்கு வகுப்பு நடத்தித் தரும்படி மன்றங்களைக் கேட்கின்றன. மன்றம் இதை ஏற்கலாமா? ஏற்றால் கட்டணம் வாங்கலாமா? அந்தப் பணம் யாரைச் சேரவேண்டும்? வகுப்பு எடுத்தவருக்கு ஊதியம் உண்டா?

இக்கேள்விகள் எழும்போதெல்லாம் விவாதம் பெரும்பாலும் கட்டணத்தைச் சுற்றியே நடக்கிறது. பணம் வாங்கினால் வணிகம், வாங்காவிட்டால் சேவை என்ற எளிய பிரிவினை அதில் மறைந்திருக்கிறது. இந்தப் பிரிவினை சட்டத்துக்கும் பொருந்தாது, மன்றங்களின் கல்வி முறைக்கும் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் வாதம். வெளியாருக்கான பயிற்சி விதிகள் உண்மையில் காக்கவேண்டியது, ஆசிரியர் என்ற நிலையான பதவி இல்லாத ஒரு கற்றல் உறவை. பணம் அந்த உறவைக் குலைக்கக்கூடிய பல வழிகளுள் ஒன்று. எளிதில் கண்ணுக்குப் படுவதால் விதிகள் அதை ஓரளவு நன்றாகவே காவல் காக்கின்றன. மற்ற வழிகளுக்குக் காவல் குறைவு.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் களம் டோஸ்ட்மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனல். இவ்வகை அமைப்புகளில் நீண்ட வரலாறும் விரிவான விதித்தொகுப்பும் கொண்டது அதுவே. ரால்ஃப் ஸ்மெட்லி 1905இல் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன் நகரில், ஒய்எம்சிஏ-வில் பணியாற்றியபோது, இளைஞர்களுக்குப் பேச்சுப் பழக்கம் தரும் கூட்டங்களைத் தொடங்கினார். 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் சாண்டா ஆனா ஒய்எம்சிஏ-வில் கூடிய கூட்டத்திலிருந்து இன்றைய அமைப்பின் வரலாறு கணக்கிடப்படுகிறது. 1932இல் அது கலிபோர்னியச் சட்டப்படி இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவானது. தலைமையகம் இப்போது கொலராடோ மாநிலத்தின் எங்கல்வுட்டில் இருக்கிறது. சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் அதன் மன்றங்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. பாத்வேஸ் என்ற அதன் பாடத்திட்டம் கிடைக்கும் மொழிகளுள் தமிழும் உண்டு. ஆகவே அமெரிக்கச் சட்டச் சூழலில் பிறந்த இந்த விதிகள் தமிழ் பேசும் மன்றங்களின் நடைமுறையையும் கட்டுப்படுத்துகின்றன.

2. நடைமுறையில் உள்ள ஏற்பாடு

டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் வெளியாருக்கு நடத்தும் பயிற்சிகளில் இரண்டு முக்கியமானவை. ஸ்பீச்கிராஃப்ட் வயதுவந்தோருக்கானது. வழக்கமாக நான்கு, ஆறு அல்லது எட்டு அமர்வுகளில் முடிந்துவிடும். இளையோர் தலைமைத்துவப் பயிற்சி 18 வயதுக்குட்பட்டவர்களுக்கானது. அது எட்டு அமர்வுகளைக் கொண்டது. இரண்டையும் நடத்துபவர்கள் மன்ற உறுப்பினர்கள். பங்கேற்பாளர்களிடம் மன்றம் கட்டணம் பெறலாம். அந்தத் தொகை மன்றத்தின் கணக்கில் சேரவேண்டும். நடத்தியவர் தமக்கென்று ஊதியம் பெறக்கூடாது. அமைப்பின் பெயர், சின்னம், பாடப் பொருள்கள் ஆகியவற்றை உறுப்பினர் தம் சொந்தப் பயிற்சித் தொழிலுக்குப் பயன்படுத்தவும் தடை உண்டு. உறுப்பினராகச் சேரும்போது ஏற்கும் உறுதிமொழியிலேயே, கல்வித் திட்டங்களின் விதிமுறைகளைக் கடைப்பிடிப்பதும் நேர்மையான நெறிகளைப் பேணுவதும் இடம்பெற்றிருக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் தன்மை ஓர் அமர்வை அருகிருந்து பார்த்தால்தான் விளங்கும். ஸ்பீச்கிராஃப்டின் தொடக்க அமர்வில் அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் பேச்சைக் கட்டமைப்பது பற்றிச் சிறிது நேரம் விளக்குகிறார். பிறகு பங்கேற்பாளர்களே எழுகிறார்கள். அறிமுகப் பேச்சுக்குச் சில நிமிடம், முன்தயாரிப்பில்லாத உடனடிப் பேச்சுக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம். நேரங்காட்டுபவர் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளுடன் அமர்ந்திருக்கிறார். ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சென்றால் ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. இன்னொருவர் பேச்சின் நடுவே வரும் ‘ம்’, ‘ஆ’ போன்ற இழுவைகளைக் குறித்துக்கொள்கிறார். பேச்சு முடிந்ததும் ஒருவர் எழுந்து இரண்டு மூன்று நிமிடத்தில் மதிப்பீடு சொல்கிறார்: எது கேட்டவரைத் தொட்டது, எதை அடுத்த முறை மாற்றிப் பார்க்கலாம் என்று. முதல் இரண்டு வாரம் இந்த வேலைகளை உறுப்பினர்கள் செய்துகாட்டுவார்கள். அடுத்தடுத்த வாரங்களில் அட்டையும் குறிப்பேடும் பங்கேற்பாளர்களின் கைக்கு மாறிவிடும். பயிற்சி முடியும்போது, நேற்றுவரை மேடைக்கு அஞ்சியவர் இன்னொருவரின் பேச்சை மதிப்பிட்டுக்கொண்டிருப்பார். எனக்கு இந்தக் கைமாற்றம்தான் முழுத் திட்டத்தின் உயிராகத் தோன்றுகிறது. விதிகளைப் பற்றிய எந்த விளக்கமும் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

3. சட்டம் வகுத்த வெளி எல்லை

விதிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் வரிவிலக்கு. அமெரிக்க உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவு, கல்வி, அறம் முதலிய நோக்கங்களுக்காக இயங்கும் அமைப்புகளுக்கு வரிவிலக்கு அளிக்கிறது. அமைப்பின் நிகர வருவாயில் எந்தப் பகுதியும் தனியாரின் நலனுக்குப் போகக்கூடாது என்பது அதன் அடிப்படை நிபந்தனை. அதனால்தான் பணம் வாங்குவது ஆபத்து என்ற எண்ணம் பரவியிருக்கிறது. சட்டத்தை நெருங்கிப் படித்தால் படம் வேறாக இருக்கிறது.

1947இல் நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் நலனுக்காக, மக்கரோனி தயாரிக்கும் சி. எஃப். முல்லர் நிறுவனம் வாங்கப்பட்டது. கல்விக்குத் தொடர்பே இல்லாத அதன் இலாபமும் வரியின்றிப் போனது. இத்தகைய ஏற்பாடுகள் எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக 1950ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டம், நோக்கத்தோடு தொடர்பற்ற தொழில் வருமானத்துக்கு வரி விதித்தது. அந்த வரிக்கு மூன்று கூறுகள் சேர்ந்து வரவேண்டும்: அது தொழிலாக இருக்கவேண்டும், முறையாகத் தொடர்ந்து நடத்தப்படவேண்டும், அமைப்பின் நோக்கத்தோடு கணிசமான தொடர்பற்றதாக இருக்கவேண்டும். அதே சட்டப் பகுதியில் ஒரு விலக்கும் உண்டு: வேலையில் ஏறக்குறைய முழுவதும் ஊதியமின்றிச் செய்யப்பட்டால் அது தொடர்பற்ற தொழிலாகக் கருதப்படாது. பேச்சு மன்றம் பேச்சுப் பயிற்சியையே, தன்னார்வ உறுப்பினர்களைக் கொண்டே, சில வாரங்களுக்கு மட்டும் நடத்துகிறது. அதற்குக் கட்டணம் பெறுவது இந்த அளவுகோல்களில் ஒன்றாலும் எளிதில் சிக்காது. வகுப்பு எடுத்தவருக்கு ஊதியம் இல்லை என்ற மன்ற விதி தன்னார்வ உழைப்பு விலக்கோடும் இயல்பாக ஒத்துப்போகிறது.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 1979இல் அமெரிக்க வரி நீதிமன்றம் தீர்ப்பளித்த ‘எஸ்ட் ஆஃப் ஹவாய்’ வழக்கை, பயிற்சி நடத்தும் இலாப நோக்கற்ற அமைப்புகள் அனைத்தும் ஊன்றிப் படிக்கவேண்டும். வெர்னர் எர்ஹார்டின் தன்மேம்பாட்டுப் பயிற்சியை ஹவாயில் நடத்துவதற்காக அந்த அமைப்பு இலாப நோக்கற்றதாக நிறுவப்பட்டது. அது கல்வி தருகிறதா என்ற கேள்வியில் வழக்கு முடியவில்லை. பயிற்சியின் உரிமத்தைத் தந்த இலாப நோக்கு நிறுவனத்தின் பிடியில் கட்டணமும் பயிற்சி முறையும் இருந்தன. ஆகவே இந்த அமைப்பு அந்நிறுவனத்தின் வணிக வலையில் ஒரு கண்ணியாகவே இயங்கியது என்று கண்ட நீதிமன்றம் விலக்கை மறுத்தது. பத்தாண்டு கழித்து 1989இல் வந்த ‘அமெரிக்கன் கேம்பைன் அகாதமி’ தீர்ப்பு இன்னும் ஓரடி முன்னே சென்றது. தேர்தல் பிரசாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்த பள்ளி அது. அதன் வருவாயை எவரும் எடுத்துக்கொண்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. பயிற்சி பெற்றவர்களின் திறமை பெருமளவு ஒரே கட்சியின் வேட்பாளர்களுக்குப் பயன்படும்படி ஏற்பாடு இருந்ததால், தனியார் நலன் பேணப்பட்டது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் சட்டத்தின் அக்கறை புலப்படும். பயிற்சியின் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது, அதன் பயன் இறுதியில் யாரிடம் குவிகிறது என்ற இரண்டையுமே அது துருவுகிறது. அந்தப் பயன் பணமாக இருக்கவேண்டிய கட்டாயம்கூட இல்லை.

இந்தியச் சூழலில் வேறொரு நுட்பம் சேர்கிறது. உறுப்பினர்களிடம் திரட்டிய பணம் அதே உறுப்பினர்களுக்கே செலவானால் அது வருமானம் ஆகாது என்ற பரஸ்பரக் கோட்பாட்டை இந்திய நீதிமன்றங்கள் ஏற்கின்றன. பெங்களூர் கிளப் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் இதன் எல்லையைச் சுட்டிக்காட்டியது: மன்றத்தின் உபரிப் பணம் வங்கிக்குப் போய், அங்கிருந்து வெளியாருக்குக் கடனாகப் போகும்போது, அந்த வங்கியே மன்றத்தின் உறுப்பினராக இருந்தாலும், பரஸ்பரத் தன்மை முறிந்துவிடுகிறது. உறுப்பினரல்லாதவர் கட்டணம் கட்டி வரும் பயிற்சிக்கு இந்தத் தர்க்கம் நேரடியாகப் பொருந்தும். மேலும், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இருந்த ‘கல்வி’ என்ற சொல்லை லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் முறையான பள்ளிக் கல்வி என்ற குறுகிய பொருளில் கொண்டது. சில வாரப் பேச்சுப் பயிற்சி அந்தச் சொல்லுக்குள் தானாக அடங்கிவிடும் என்று இங்குள்ள மன்றம் நம்பியிருக்க முடியாது. வெளியாரிடம் பெறும் தொகைக்குத் தனிக் கணக்கு வைப்பது இங்கே கட்டாயத் தேவை என்பேன்.

4. உள் எல்லை: ஆசிரியர் இல்லாத வகுப்பு

சட்டம் வெளிவேலி மட்டுமே. நாளை எல்லா நாடுகளும் மன்றங்களுக்கு நிபந்தனையில்லா வரிவிலக்கு தந்தாலும், ஊதியம் கூடாது என்ற விதியை மன்றங்கள் வைத்திருக்கவேண்டும். காரணம், மன்றத்தின் கல்வி முறையிலேயே இருக்கிறது.

வணிகப் பயிற்சி நிலையத்தில் கற்பிப்பவரும் கற்பவரும் கடைசிவரை வேறுவேறானவர்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குத் தருகிறார். அதற்கு விலை பெறுகிறார். அது நேர்மையான தொழில். பேச்சு மன்றத்தில் இன்று மதிப்பிடுபவர் அடுத்த வாரம் மதிப்பிடப்படுகிறார். பத்தாண்டு அனுபவமுள்ளவரின் பேச்சை நேற்றுச் சேர்ந்தவர் மதிப்பிடுவதும் உண்டு; அனுபவசாலி அதைக் குறித்துக்கொள்வதும் உண்டு. கேட்பவர் தமக்குத் தோன்றியதைச் சொல்ல உரிமை பெற்றிருப்பது, சொல்வதால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை என்ற நம்பிக்கையில் நிற்கிறது. மதிப்பிடுபவர் நாளை தம் கட்டண வகுப்புக்கு ஆள் சேர்ப்பவராகவும் இருந்தால், ‘நீங்கள் இன்னும் நிறையப் பழகவேண்டும்’ என்ற சொல்லைப் பேசியவர் எப்படி எடுத்துக்கொள்வார்? அறிவுரையா, விளம்பரமா என்ற ஐயம் ஒருமுறை நுழைந்துவிட்டால் அந்த அறையில் எந்த மதிப்பீடும் பழைய எடையோடு நிற்காது.

இங்கிருந்து பார்க்கும்போது, விதிகளில் அதிகம் பேசப்படாத ஒன்று முதன்மை பெறுகிறது: பயிற்சிக்கு ஒரு முடிவு உண்டு என்பது. நான்கோ எட்டோ அமர்வுகளில் முடிந்தாகவேண்டும் என்ற வரையறை, வெளியாரை நிரந்தர வாடிக்கையாளராக வைத்திருக்க மன்றத்துக்கு வழி தருவதில்லை. அந்த எல்லை வந்ததும் அவர் உறுப்பினராகச் சேர்ந்து மற்றவரை மதிப்பிடும் பொறுப்பையும் ஏற்கவேண்டும், அல்லது கற்றதோடு விடைபெறவேண்டும். இரண்டுமே நல்ல முடிவுகள். ஒரே நிறுவனத்துக்கு ஆண்டுதோறும், ஒரே உறுப்பினர் குழு, ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தினால், கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும் அந்த மன்றம் பயிற்சி ஒப்பந்தக்காரராக மாறிவிட்டது. கட்டணம் வாங்கி, ஆறு வாரத்தில் முடித்து, பங்கேற்பாளரின் கையில் அட்டையையும் குறிப்பேட்டையும் கொடுத்த மன்றம் தன் இயல்பில் நிற்கிறது.

5. எதிர்வாதங்கள்

திறமைக்கு விலை மறுப்பது நியாயமா என்பது முதல் எதிர்வாதம். மன்ற உறுப்பினர்களில் தொழில்முறைப் பயிற்சியாளர்கள் பலர் இருக்கிறார்கள். உலகப் பேச்சுப் போட்டியில் வென்று, பேச்சையே தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். 2014இல் கோலாலம்பூர் மாநாட்டில் பட்டம் வென்ற இலங்கையரான தனஞ்சய ஹெட்டியாராச்சி அவ்வரிசையில் நம் பகுதிக்கு நெருக்கமானவர். இவர்கள் வெளியே கட்டணம் பெற்றுப் பயிற்சி தருவதை எந்த விதியும் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது. மன்றத்தில் பெற்ற ஆற்றல் உறுப்பினருக்கே சொந்தம். அவர் தம் பெயரில், தம் பாடத்தோடு, தாம் தேடிய வாடிக்கையாளருக்குக் கற்பிக்கட்டும். மன்றத்தின் பெயரும் பாடப் பொருளும் பல தலைமுறைத் தன்னார்வலர்களின் உழைப்பால் மதிப்புப் பெற்றவை. அவற்றை ஒருவர் தனியாகக் காசாக்க முடியாது என்பதே விதி சொல்வது. இது மறுக்க இயலாத நியாயம் என்று கருதுகிறேன்.

இரண்டாம் எதிர்வாதம் வலுவானது. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆறு மாதத்துக்கு 60 டாலர் தலைமையகத்துக்குச் செலுத்தவேண்டும். 2023 அக்டோபருக்கு முன் அது 45 டாலர். டாலர் கணக்கு நம் ஊர்களில் கனக்கும். அதற்கு மேல் கூட்ட அறை வாடகை, அச்சுச் செலவு. இந்நிலையில் வெளிப் பயிற்சியின் வருவாய்தான் சில மன்றங்களைத் தாங்கிப்பிடிக்கும்; அதற்கும் கட்டுப்பாடு வைத்தால் வசதியுள்ளவர்களின் மன்றங்கள் மட்டுமே மிஞ்சும் என்பது வாதம். இதன் கவலையை முழுதாக ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து வரும் முடிவு ஊதியத் தடையைத் தளர்த்துவதாக இருக்கமுடியாது. மன்றக் கணக்குக்கு வரும் கட்டணத்தை விதி தடுக்கவில்லையே. தேவைப்படுவது, அந்தக் கட்டணத்தை எதற்குச் செலவிடலாம் என்ற தெளிவு. அறை வாடகைக்குச் செலவிடலாம்; சந்தா கட்ட இயலாத மாணவருக்கோ வேலை தேடுபவருக்கோ உதவலாம்; செலவைச் சரிக்கட்டுகிறோம் என்ற பெயரில் வகுப்பு எடுத்தவருக்குக் கணக்கில்லாமல் கொடுப்பது கூடாது. பயணச் சீட்டு, அச்சுக் கூலி எனச் சீட்டுள்ள செலவுக்கு மட்டும் பொருளாளர் ஈடு தரவேண்டும். கட்டணத்தையும் வரவு செலவையும் மன்றக் கூட்டத்திலேயே வைத்துத் தீர்மானித்துப் பதிவேட்டில் எழுதினால் பாதிச் சிக்கல் எழாது.

எந்த விதியையும் சுற்றிவளைத்துப் போகலாம், நல்லெண்ணத்தை நம்புவதே வழி என்போரும் உண்டு. விதி இல்லாத இடத்தில், நல்லெண்ணம் உள்ளவரே முதலில் தயங்கி ஒதுங்குகிறார் என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. தம் செயலை அளந்துகொள்ள அளவுகோல் வேண்டுமென்று கேட்பவர் அவர்தான்.

6. காவலில்லாத வாசல்கள்

பணத்துக்கு இவ்வளவு காவல் வைத்த விதிகள், பணமாகாத ஆதாயத்தை நடைமுறையில் எளிதாகக் கடந்துபோக விடுகின்றன. பயிற்சி முடிந்த அன்று மன்றத்தின் பெயரால் திரண்ட மூன்று பொருள்கள் மிஞ்சுகின்றன: பங்கேற்பாளரின் தொடர்பு விவரம், அவர் வைத்த நம்பிக்கை, நடத்தியவருக்குக் கிடைத்த ‘பயிற்றுநர்’ என்ற அடையாளம். உறுப்பினர் பட்டியலை வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது பழகிய நெறிதான். ஆனால் வெளிப் பயிற்சியில் வருபவர் உறுப்பினர் அல்லர். அவர் பெயர் மன்றப் பதிவேட்டில் ஏறுவதற்கு முன்பே, நடத்துபவரின் கைப்பேசியில் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிடுகிறது. வகுப்பு முடிந்து மூன்றாம் நாள் அதே குழுவில் அவருடைய ‘உயர்நிலைப் பயிற்சி’ அறிவிப்பு வரலாம். ஊதியம் ஒரு காசும் கைமாறவில்லை. ‘அமெரிக்கன் கேம்பைன் அகாதமி’ தீர்ப்பின் தர்க்கத்தில் பார்த்தால் பயன் ஒருவரிடமே குவிந்துவிட்டது.

இதற்கு மாற்று எளிதானது. பேச்சுப் பயிற்சியைத் தொழிலாகச் செய்பவர் மன்றத்தின் வெளிப் பயிற்சியை நடத்த முன்வந்தால், அதை மன்ற நிர்வாகக் குழுவிடமும் முதல் அமர்விலேயே பங்கேற்பாளரிடமும் சொல்லவேண்டும். அவரை விலக்கவேண்டியதில்லை, அவருடைய அனுபவம் பெரும் பேறு. தொடர்பு விவரம் மன்றச் செயலாளரின் பொறுப்பில் இருக்கவேண்டும். குழுவைத் தொடங்குபவரும் பயிற்சி முடிந்ததும் மூடுபவரும் செயலாளராகவே இருக்கவேண்டும். பயிற்சியை நடத்தியவர், பங்கேற்பாளர் தாமே தேடி வந்தாலன்றி, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அவரைத் தம் வகுப்புக்கு அழைக்கக்கூடாது. எவ்வளவு காலம் என்பதை அந்தந்த மன்றம் தீர்மானிக்கலாம்; ஆறு மாதம் போதும் என்பது என் கருத்து. நிறுவனங்கள் கேட்கும் பயிற்சியிலும், பாடத்தையும் மதிப்பீட்டு முறையையும் தீர்மானிப்பது மன்றமே என்று எழுத்தில் இருக்கவேண்டும். மதிப்பீட்டுக் குறிப்புகளை நிறுவனத்தின் மனிதவளத் துறைக்குக் கொடுப்பது எக்காரணத்தாலும் கூடாது. மேலாளர் படிப்பார் என்று தெரிந்த அறையில் எந்த ஊழியரும் தடுமாறத் துணியமாட்டார். தடுமாறும் சுதந்திரம் இல்லாத இடத்தில் பேச்சு பழக முடியாது.

சிறார் பயிற்சியில் கவனம் இன்னும் கூடவேண்டும். அங்கே கட்டணம் கட்டுபவர் பெற்றோர் அல்லது பள்ளி, கற்பவர் குழந்தை. கட்டணம் கட்டியவருக்குக் காட்டுவதற்காகக் குழந்தையின் முதல் மேடைத் தடுமாற்றத்தைக் காணொளியாக எடுத்து, மன்றத்தின் விளம்பரமாக முகநூலில் ஏற்றும் பழக்கத்துக்கு இடமே தரக்கூடாது. பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வேண்டும். அதோடு, பிள்ளையிடமும் கேட்கவேண்டும். அமர்வில் பள்ளி ஆசிரியரோ பெற்றோரோ ஒருவர் எப்போதும் உடனிருக்கவேண்டும். எட்டாம் அமர்வில் நேரங்காட்டும் அட்டையைப் பிடித்திருப்பதும், சக மாணவியின் பேச்சை மதிப்பிடுவதும் அந்தப் பிள்ளைகளாகவே இருக்கிறார்களா என்பதை மன்றத் தலைவர் நேரில் வந்து பார்க்கவேண்டும். மன்றத்துக்கு அனுப்பும் நிறைவறிக்கையில் வசூலான தொகைக்கு முன்பாக அதை எழுதச் சொல்லவேண்டும்.